மோரிஸ் மைனருக்குள் அவான்சா என்ஜின்: ஐந்து வருஷம் ஓட்டிய பிறகு

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் காடிக்கு (காருக்கு) எண்ணெய், அதாவது பெட்ரோல், போட நிறுத்தினால் யாராவது ஒருவர் கிட்டே வந்து, "அண்ணே, இது மோரிஸ்தானே, சத்தம் வேற மாதிரி கேக்குதே?" என்று கேட்காமல் போவதில்லை. பானெட்டைத் திறந்து காட்டினால் இளவட்டங்களுக்கு ஒரே சந்தோஷம். வயதானவர்களில் சிலர் மட்டும் எழவு வீட்டுக்கு வந்தவர்கள் போல ஒன்றும் பேசாமல் நகர்ந்துவிடுவார்கள். ஐந்து வருஷம், 41,000 கிலோமீட்டர் ஓட்டியாயிற்று. பழைய மோரிஸில் டொயோட்டா அவான்சா என்ஜினைப் போடும் இதே வேலையைச் செய்ய நினைப்பவர்களுக்கு நான் பட்டதைச் சொல்லிவிடுகிறேன்.

காடி 1966-ஆம் வருஷத்து மோரிஸ் மைனர் 1000, நாலு கதவு. தோட்டத்துப் பெரிய கிராணி (தலைமை எழுத்தர்) புதிதாக வாங்கியது. 1983-ல் அவர் ஓய்வு பெற்றுப் போகும்போது 1,600 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) அப்பாவிடம் கொடுத்தார். அப்பா மண்டோர், தோட்டத்து ஆட்களை மேற்பார்ப்பவர். மண்டோர் வீட்டு வாசலில் கிராணி காடி நிற்கிறது என்பதே லயத்தில் ஆறு மாசத்துக்குப் பேச்சு. தைப்பூசத்துக்கு ஈப்போ கல்லுமலைக்கு அதில் எட்டுப் பேர் போயிருக்கிறோம், மடியில் உட்கார்ந்த பிள்ளைகளைக் கணக்கில் சேர்க்காமல். அப்பா போன பிறகு ஒன்பது வருஷம் கொட்டகையில் கிடந்தது, பின் சீட்டில் கோழி முட்டை போட்டது.

பழைய என்ஜின் 1098 சிசி, புதிதாக இருந்தபோது 48 குதிரைசக்தி. வால்வு உட்காரும் இடம் தேய்ந்து உள்ளே இறங்கியிருந்தது. ஈயம் கலந்த பெட்ரோலை நம்பிச் செய்த என்ஜின் அது, ஈயம் இல்லாத எண்ணெயில் ஓடினால் இந்தக் கோளாறு வரும். உடனே சொல்லிவிடுகிறேன், அதைப் பிரித்துக் கட்டியிருக்கலாம். சாமான் இங்கிலாந்திலிருந்து இன்னும் வருகிறது, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுத்து ஓட்டப் போகிறீர்கள் என்றால் அதையே செய்யுங்கள். எனக்கு ஆலைக்குத் தினமும் போய்வரக் காடி வேண்டும், மகளைப் பள்ளியில் விட வேண்டும், மதியம் ரெண்டு மணி வெயிலில் ஏர்கோன் வேண்டும்.

எந்த என்ஜின் என்பதில்தான் நான் முதலில் தடுமாறினேன். ஈப்போ பையன்கள் எல்லாரும் 4ஏ-ஜிஇ என்ற டொயோட்டாவின் வேக என்ஜினைப் போடச் சொன்னார்கள், கேட்கவே நாக்கில் எச்சில் ஊறியது. எங்கள் பட்டறைத் தவுக்கேக்கு (சீன முதலாளிக்கு) எழுபது வயசுக்கு மேல், தமிழ் நம்மைவிட நன்றாகப் பேசுவார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "தம்பி, சனிக்கிழமை ராத்திரி இந்தக் காடி நின்னுபோச்சின்னா, சாமான் எந்தக் கடையில வாங்குவ?" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்த ஒரு கேள்வியில் முடிவானதுதான் அவான்சா என்ஜின், டைஹாட்சுவின் கே3-விஇ, 1298 சிசி. நம் நாட்டு பெரோடுவாவின் பழைய 1.3 மைவி காடியில் இருப்பதும் இதே கே3-விஇதான். ஸ்பார்க் பிளக், காயில், எண்ணெய் ஃபில்டர் என்று எது கேட்டாலும் நம் ஊர்க் கடையிலேயே தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். அப்படியானால் மைவி என்ஜினையே போட வேண்டியதுதானே என்று கேட்பார்கள். மைவி முன் சக்கரத்தில் ஓடுவது, என்ஜின் குறுக்கே உட்கார்ந்திருக்கும். முதல் அவான்சா பின் சக்கரத்தில் ஓடுவது, என்ஜின் நீளவாக்கில், கியர்பாக்ஸ் அதன் பின்னால், மோரிஸில் இருந்த மாதிரியே. விபத்தில் நசுங்கிய ஒரு கைகியர் அவான்சாவை முழுசாக 5,500 வெள்ளிக்கு வாங்கினோம். முழுக் காடியாக வாங்குங்கள். என்ஜினை மட்டும் வாங்கிவிட்டு ஒயருக்கும் கம்ப்யூட்டருக்கும் அலைந்தவர்கள் கதை எனக்குத் தெரியும்.

என்ஜின் உட்கார்ந்த விதம் எனக்கே ஆச்சரியம். மைனரை வடிவமைத்த அலெக் இஸிகோனிஸ் முதலில் அதற்கு நாலு சிலிண்டர் படுக்கை என்ஜின் ஒன்றை நினைத்துத்தான் முன்பக்கத்தை அகலமாக வைத்தார். அந்த என்ஜின் வரவில்லை, இடம் மட்டும் மிஞ்சியது. 1948-ல் விற்பனைக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால், காடி ஒடுங்கலாக இருக்கிறது என்று மாதிரி வண்டியை நடுவில் ரெண்டாக அறுத்து, நாலு அங்குலம் தள்ளி வைத்துப் பார்த்தாராம். பானெட் நடுவில் ஓடும் அந்தத் தட்டைப் பட்டை அப்படி வந்ததுதான். "காடியைக் கெடுத்துட்டியே" என்று கேட்கிறவர்களிடம் அந்தப் பட்டையைத் தொட்டுக் காட்டுவேன், முதலில் அறுத்தவன் நான் இல்லை. என்ஜின் பிடிகளைத் தவுக்கே புதிதாக அடித்தார். கியர்பாக்ஸுக்காகத் தரையில் மேடாக இருக்கும் தகட்டை வெட்டிப் பெரிதாக்கினோம், அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தையும் மாற்றினோம். மோரிஸில் பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை காடியின் உடம்போடு சேரும்), அவான்சாவில் நெகட்டிவ், அதனால் பழைய ஒயர் முழுவதையும் பிடுங்கிப் போட்டோம். மூன்று வாரத்தில் என்ஜின் உறுமியது. தவுக்கே கடையில் எல்லாருக்கும் தே தாரேக் வாங்கிக் கொடுத்தேன், வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பில்.

இனிதான் வேலையே இருந்தது. பிரேக்கைத் தொடாமல் முதல் மாசம் ஓட்டினேன், புத்தி கெட்டுப்போய். கோல கங்சார் ரோட்டில் முன்னால் போன லோரியிலிருந்து ஒரு செம்பனைக் குலை விழுந்து உருண்டது. இருபது கிலோ இருக்கும், மேலெல்லாம் முள். மிதித்தேன். காடி நிற்கவில்லை, இடது பக்கம் இழுத்துக்கொண்டு புல்லில் போய் இறங்கியது. நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக், மிதிக்கும் பலத்தைக் கூட்டிக் கொடுக்கும் சேர்வோ கிடையாது, ஒரே குழாய்தான் எல்லாவற்றுக்கும். அந்தப் பிரேக்குக்கு எண்ணெய் ஊற்ற வேண்டுமானால் கால் வைக்கும் இடத்தில் கம்பளத்தைத் தூக்கி, தரையில் இருக்கும் சின்ன மூடியைத் திறக்க வேண்டும். நான் திறந்தபோது உள்ளே கறுப்புச் சேறு. அன்றைக்கே காடியை நிறுத்தினேன். இங்கிலாந்திலிருந்து முன் டிஸ்க் பிரேக் கிட், சேர்வோ, ரெண்டு குழாய்க்குப் பிரித்த மாஸ்டர் சிலிண்டர் எல்லாம் வந்து சேர ரெண்டு மாசம். வரிசை இதுதான்: முதலில் பிரேக், பிறகு என்ஜின். நான் தலைகீழாகச் செய்தேன், உயிரோடு இருக்கிறேன் என்பதால் சொல்கிறேன்.

பின் அச்சும் அப்படித்தான். ஆறாவது மாசம் சிக்னலில் கிளம்பும்போது டக் என்று ஒரு சத்தம், உள்ளே இருக்கும் தண்டு முறிந்துவிட்டது. 48 குதிரைக்குச் செய்த தண்டு கிட்டத்தட்ட ரெண்டு மடங்கை எத்தனை நாள் தாங்கும்? கேஇ70 கொரோலாவின் அச்சை நீளம் குறைத்துப் போட்டோம், இன்றுவரை ஒரு தொந்தரவும் இல்லை. முன்னால் ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் முறுக்குக் கம்பியான டோர்ஷன் பாரையும் ஸ்டீரிங்கையும் தொடவே இல்லை, தொடவும் தேவையில்லை. அந்த ஸ்டீரிங்கின் சுகம் புதுக் காடிகளில் கிடையாது.

எண்ணெய் டேங்க் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை. பழைய டேங்கில் உள்ளே தடுப்பு கிடையாது. சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் ஏறும்போது வளைவுக்கு வளைவு என்ஜின் விக்கியது, கால் டேங்க் எண்ணெய் இருந்தும். எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப் காற்றைக் குடித்திருக்கிறது. கார்புரேட்டர் இதைப் பொறுத்துக்கொள்ளும், இன்ஜெக்ஷன் பொறுக்காது. பிரதான டேங்குக்கும் இன்ஜெக்ஷன் பம்புக்கும் நடுவில் ஒரு லிட்டர் டப்பா வைத்ததும் சரியாகிவிட்டது. அப்புறம் சூடு. ஒரு தைப்பூசத்தன்று ஈப்போ நெரிசலில், ஏர்கோன் போட்டபடி, ஊசி சிவப்புக்குப் போயிற்று. பெரிய ரேடியேட்டர் வாங்கியும் தீரவில்லை, மின்விசிறியைச் சுற்றித் தகட்டுக் கூடு கட்டிய பிறகுதான் தீர்ந்தது. அந்தக் கூட்டுக்கு ஆன செலவு எண்பது வெள்ளி.

மிச்சம் இருப்பது எலி. கேலி இல்லை, ஐந்து வருஷத்தில் என்னை ரெண்டு முறை நடுரோட்டில் நிறுத்தியது எலிதான். செம்பனைத் தோட்டத்தில் கம்பத்தில் பெட்டி கட்டி, எலிக்காகவே கூகை வளர்க்கிறார்கள். கூகைக்குப் பயந்த எலியெல்லாம் என் பானெட்டுக்குள் குடியேறிவிட்டது போலிருக்கிறது. பழைய என்ஜினில் கடிப்பதற்கு நாலு ஒயர்கூடக் கிடையாது. இப்போது சென்சார் ஒயர் கொத்துக் கொத்தாக ஓடுகிறது. இரும்பு வலைக் குழாயில் நுழைத்து விட்டிருக்கிறேன், அந்துருண்டையும் தொங்குகிறது.

காகித விஷயத்தில் சோம்பல் படாதீர்கள். என்ஜின் மாற்றினால் ஜேபிஜே (சாலைப் போக்குவரத்து இலாகா) அனுமதி வேண்டும், பரிசோதனைக்குக் காட்ட வேண்டும், புது என்ஜின் நம்பர் பதிவில் ஏற வேண்டும். நசுங்கிய காடியின் கெரானையும் (பதிவுப் பத்திரத்தையும்) வாங்கிய ரசீதையும் பத்திரமாக வைத்திருந்ததால் தப்பித்தேன். ரோட் டெக்ஸ் 55 வெள்ளியாக இருந்தது 70 ஆனது, அவ்வளவுதான். இன்சூரன்ஸ்தான் இழுத்தது. ஒரு கம்பெனி முடியாது என்றது, இன்னொன்று மூன்றாம் தரப்புக்கு மட்டும் கொடுத்தது.

மொத்தச் செலவு 34,000 வெள்ளியைத் தாண்டியது, அதில் பெயிண்ட் சேரவில்லை. அந்தக் காசுக்கு நல்ல பழைய மைவியே வாங்கலாம், என் மனைவி இதை மாசம் ஒரு முறையாவது ஞாபகப்படுத்துவார். எண்ணெய் லிட்டருக்கு 14 கிலோமீட்டர் கொடுக்கிறது, ஏர்கோன் போட்டு. ஈப்போவிலிருந்து நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு ஏறும் மேட்டில், அப்பா காலத்தில் லோரிகளுக்குப் பின்னால் அழுதுகொண்டு ஏறிய காடி, இப்போது நாலாவது கியரில் 80-ல் சும்மா போகிறது. முதல் தடவை அப்படி ஏறியபோது நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

போனது ஒன்று உண்டு, சத்தம். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பழைய மைனர் பின் குழாயில் பர்ர்ர் என்று ஒரு ஓசை விடும், கேட்டவர்களுக்குத் தெரியும். தோட்டத்து முக்கில் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா தேத்தண்ணிக்கு அடுப்பு மூட்டிவிடுவார், அப்பா வாசலுக்கு வருவதற்குள் தண்ணி கொதித்திருக்கும். இப்போது நான் கேட்டுக்குள் வந்து ஹார்ன் அடித்தால்தான் அவருக்குத் தெரிகிறது. பழைய என்ஜின் கொட்டகையில் தார்ப்பாய்க்குள் இருக்கிறது, கிரீஸ் பூசி வைத்திருக்கிறேன். இரும்புக்கடைக்காரர் ரெண்டு முறை விலை கேட்டுவிட்டார், கொடுக்கவில்லை.

முன் கண்ணாடி மட்டும் அன்றைக்கும் ஒழுகியது, இன்றைக்கும் ஒழுகுகிறது. மகள் பள்ளிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, மழை வந்தால் கால்கிட்டே மைலோ டப்பாவை நகர்த்திக்கொள்கிறாள். புது ரப்பர் வந்துவிட்டது, வருகிற பள்ளி விடுமுறையில் மாற்ற வேண்டும்.