ஏர் லாக் எடுக்க எது மேல்: மூடியைத் திறந்து ஓடவிடுவதா, புனலா, வேக்குவமா?

எஞ்சினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை மாற்றுவதில் பழசை வடிப்பது பெரிய வேலையே இல்லை. புதுசை ஊற்றும்போது உள்ளே மாட்டிக்கொள்ளும் காற்றை, அதாவது ஏர் லாக்கை, வெளியேற்றுவதுதான் வேலை. எஞ்சினின் மேல்பாகமான சிலிண்டர் ஹெட்டின் உச்சியில் காற்று தங்கினால் அந்த இடம் மட்டும் தனியாகச் சூடேறும். டெம்பரேச்சர் சென்சார் காற்றுக்குள் நின்றால் மீட்டர் பொய் சொல்லும். டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று சத்தம் கேட்பதும், ஹீட்டரைப் போட்டால் சில்லென்று காற்று வருவதும் இதன் அறிகுறிகள். சென்னையிலும் மதுரையிலும் ஹீட்டரை யார் போடப்போகிறார்கள்? அதனால் இரண்டாவது அறிகுறி கண்ணில் படாமலே போய்விடும்.

ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து எஞ்சினை ஐடிலிங்கில் ஓடவிடுவதுதான் பல ஒர்க்‌ஷாப்களின் வழக்கம். காசு செலவில்லை. மாருதி 800 மாதிரி, ரேடியேட்டரின் தலையிலேயே மூடி உள்ள பழைய வண்டிகளுக்கு இது போதும். ஆனால் அவசரக்காரர்களுக்கு இது ஆகாது. சூடேறினால் தானே திறக்கும் வால்வான தெர்மோஸ்டாட் திறப்பது ஏறத்தாழ 82 முதல் 90 டிகிரிக்குள். அதுவரை ரேடியேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையே பெரிய பாதை மூடியே இருக்கும். கழுத்து வரை நிறைந்ததைப் பார்த்து மூடியைப் போட்டுவிட்டால், வண்டி ரோட்டில் போகும்போது தெர்மோஸ்டாட் திறந்து உள்ளே மட்டம் இறங்கும். இன்னொரு சிக்கல், மூடி இல்லாவிட்டால் பிரஷரும் இல்லை. கூலன்ட் சீக்கிரமே கொதிக்கும். ஊட்டி உயரத்தில் சாதாரணத் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும். பல வண்டிகளில் ஃபேன் சுற்றத் தொடங்குவதே அதற்கு மேல்தான். வெறும் தண்ணீர் ஊற்றிய வண்டியை அங்கே மூடி திறந்து ஓடவிட்டால், ஃபேன் வரும் முன்பே பொங்கி வழியும்.

இரண்டாவது, கழுத்தில் இறுக்கமாகப் பொருந்தும் அடாப்டர்களோடு வரும் சிந்தாப் புனல். வீட்டில் வேலை பார்ப்பவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான். இதன் பலம் உயரத்தில் இருக்கிறது. இப்போதைய கார்களில் பானெட் தாழ்வு. ஊற்றும் கழுத்தை விட ஹீட்டர் கோர் (ஹீட்டருக்குள் இருக்கும் குட்டி ரேடியேட்டர்) மேலே இருப்பது சகஜம். புனலில் நிற்கும் கூலன்ட் அந்த உயரத்தையும் தாண்டி நிற்பதால், காற்றுக்குப் போக்கிடம் மேலேதான். முன் சக்கரங்களைச் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்தினால் இன்னும் நல்லது. ஹீட்டர் லைனில் வால்வு உள்ள வண்டிகளில் ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்க மறக்காதீர்கள்.

ஓடவிட்டதும் முதலில் பெரிய பெரிய குமிழிகள் வரும். அப்புறம் கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்காது. பலர் பொறுமை இழப்பது இங்கேதான். தெர்மோஸ்டாட் திறந்ததும் புனலில் மட்டம் சட்டென்று இறங்கும், மேல் ஹோஸ் கையில் சுடும். அதன்பிறகு பொடிக் குமிழிகள் குறைந்துகொண்டே வரும். ஃபேன் இரண்டு முறை போட்டு நின்றபின் எஞ்சினை அணைத்து, நன்றாக ஆறவிட்டு, புனலோடு வரும் அடைப்பானைச் செருகிப் புனலைத் தூக்கினால் ஒரு சொட்டு கீழே விழாது. கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், விஷம். தெருநாய்கள் நக்கும் இடத்தில் சிந்தாமல் இருப்பதே பெரிய லாபம்.

மூன்றாவது வேக்குவம் ஃபில்லர். கம்ப்ரசர் காற்றை வெஞ்சுரி என்ற இடுங்கிய குழாய் வழியாகப் பாய்ச்சி, உள்ளிருக்கும் காற்றை முதலிலேயே உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்துக்குள் கூலன்ட்டை இழுக்கவிடுவது இது. ரேடியேட்டர் ஹோஸ்கள் சப்பையாக ஒட்டிக்கொள்வதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சில நிமிடங்களில் வேலை முடியும். எனக்கு இதில் பிடித்தது வேகம் இல்லை. வேக்குவம் மீட்டரின் முள் 25 அங்குலத்துக்குப் (பாதரச அளவில்) பக்கத்தில் போய் அசையாமல் நின்றால், கூலன்ட் ஊற்றும் முன்பே பெரிய லீக் இல்லை என்று தெரிந்துவிடுகிறது. மெல்ல இறங்கினால் எங்கோ கிளாம்ப் சரியில்லை. ஊட்டியில் காற்றழுத்தமே மொத்தம் 23 அங்குலம்தான். அங்கே முள் 25-ஐத் தொடவில்லை என்று கருவியைக் குறை சொல்லிப் பயனில்லை. டயருக்குக் காற்றடிக்கும் 12 வோல்ட் பம்ப் இதற்குப் போதாது; டேங்க் வைத்த கம்ப்ரசர் வேண்டும். கேனில் கூலன்ட் தீர்ந்து குழாய் காற்றை இழுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். சொந்த ஒரு காருக்காக இதை வாங்குவது வீண். தினம் நாலு வண்டி பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் இது இல்லையென்றால்தான் கேட்க வேண்டும்.

எலெக்ட்ரிக் வாட்டர் பம்ப் உள்ள வண்டிகள் தனி ரகம். உதாரணமாக பி.எம்.டபிள்யூ-வின் என்52 எஞ்சினில், இக்னிஷனை மட்டும் போட்டு, ஹீட்டரை முழுச் சூட்டிலும் புளோயரைக் குறைவிலும் வைத்து, ஆக்சிலரேட்டரைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்தால், எஞ்சின் ஓடாமலே பம்ப் சுமார் 12 நிமிடம் சுற்றிக் காற்றைத் தள்ளிவிடும். காற்றை வெளியே விடும் ஏர் ஸ்குரூ உள்ள வண்டிகளில் அதைத் திறந்துவைத்து, குமிழி இல்லாமல் ஒழுகும் வரை ஊற்றுங்கள். பல பிளாஸ்டிக்கில் இருக்கும். இறுக்கித் திருகினால் உடையும்.

எந்த வழியானாலும் வடித்த கூலன்ட்டை அளந்து வையுங்கள். நாலு லிட்டர் வெளியே வந்து மூன்றுதான் உள்ளே போயிருந்தால், மிச்சம் ஒரு லிட்டர் காற்று. மறுநாள் காலை எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டத்தைப் பாருங்கள், குறைந்தால் ஊற்றுங்கள். இத்தனைக்கும் பிறகு புனலில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருந்தால், அது ஊற்றும்போது மாட்டிய காற்று இல்லை. பெரும்பாலும் சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் வழியாக வரும் எரிந்த வாயு. அதற்குப் புனலும் உதவாது, வேக்குவமும் உதவாது. ஹெட்டைக் கழற்றத்தான் வேண்டும்.