துளை அடைக்காத ட்ராவெர்டைன் தரைக்கல்: இரண்டாண்டுப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எங்கள் வீட்டில் ட்ராவெர்டைன் கற்களைப் பதித்து இரண்டாண்டுகள் முடிந்துவிட்டன. கூடத்தில் இருப்பவை துளைகளை அடைக்காமல், பளபளப்பு ஏற்றாமல் மட்டமாகத் தேய்த்த கற்கள். குளியலறையில் இருப்பவை துளைகளை ரெசின் என்னும் செயற்கைப் பிசினால் அடைத்தவை. வாங்குவோர் பெரும்பாலும் நிறத்தைப் பார்த்தே இந்தக் கல்லைத் தேர்வு செய்கிறார்கள். அது எப்படி உருவானது என்பதை அறிந்தபின் தேர்ந்தெடுத்தால், அதன் குறைகளாகத் தோன்றுபவற்றில் பாதி குறைகளே அல்ல என்பது விளங்கும்.

மண்ணுக்குள் இறங்கும் மழைநீர் அங்குள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிறது. அது சுண்ணாம்புப் பாறையின் விரிசல்களில் ஊடுருவிப் பாறையைக் கரைத்துச் சுண்ணத்தைத் தன்னோடு எடுத்துச் செல்கிறது. வெந்நீரூற்றுகளில் பூமியின் ஆழத்திலிருந்து எழும் கரியமில வாயுவும் இதற்குத் துணை நிற்கிறது. அந்த நீர் ஊற்றாக வெளியே வந்ததும் அழுத்தம் குறைந்து வாயு பிரிந்துவிடுவதால், கரைந்திருந்த கால்சியம் கார்பனேட் நீரில் தங்க முடியாமல் படிகமாகப் படிகிறது. அந்தப் படிவே ட்ராவெர்டைன். நீர் விளிம்பைத் தாண்டி வழியும் இடங்களில் வாயு இன்னும் வேகமாக வெளியேறுவதால் அங்கே படிவும் மிகுதி. விளிம்பு உயர உயரப் பின்னால் நீர் தேங்கிப் படிக்கட்டு போன்ற குளங்கள் உருவாகின்றன. துருக்கியின் பாமுக்கலேயிலும் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவிலுள்ள மம்மோத் வெந்நீரூற்றுகளிலும் இது இன்றும் கண்ணெதிரே நடந்துகொண்டிருக்கிறது. பல பாறைகள் உருவாகும் வேகத்தோடு ஒப்பிட்டால் இது வியக்கத்தக்க விரைவு. ஓராண்டிலேயே அளந்து பார்க்கும் அளவுக்குப் படிவு சேர்ந்துவிடும்.

இந்த விரைவில்தான் துளைகளின் காரணம் இருக்கிறது. கூடத்தில் சன்னலோரம் பதித்த ஒரு கல்லைப் பத்து மடங்கு பெரிதாக்கும் உருப்பெருக்கியால் பார்த்தேன். ஒரு துளை முழு உருண்டையாக இருந்தது. நீரில் எழுந்த வாயுக் குமிழியைச் சுற்றி அது உடையும் முன்பே கால்சைட் (கால்சியம் கார்பனேட்டின் படிகம்) மூடிக்கொண்டால் இப்படி ஆகும். அதற்கு ஒரு விரல் தள்ளி, நீண்ட குழாய் போன்ற இன்னொரு துளை. ஒரு நாணல் தண்டின் மேல் சுண்ணம் படிந்து, பின்னர் தண்டு மக்கிப்போக, அதன் வடிவம் மட்டும் எஞ்சியிருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது. உள்சுவரில் சர்க்கரைத் துகள் போலப் படிகங்கள் மின்னின. ரெசினால் அடைத்த கல்லில் இவை எதையும் காண முடியாது என்பதே அதன் மேல் எனக்குள்ள முதல் மனக்குறை.

வாங்கும்போது யாரும் எங்களுக்குச் சொல்லாத ஒன்றை இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டும். படிவு அடுக்குகளுக்குக் குறுக்கே அறுத்தால் கல்லில் நேரான வரிகள் ஓடும். அடுக்குகளுக்கு இணையாக அறுத்தால் அதே பாறை மேகத் திட்டுகளாகத் தெரியும். எங்களுக்கு வந்த பெட்டிகளில் இரண்டு வகையும் கலந்திருந்தன. கேட்டபோது, இயற்கைக் கல்லில் வேறுபாடு வருவது இயல்புதான் என்று விற்பனையாளர் முடித்துவிட்டார். மஞ்சளும் செம்பழுப்பும் ஏறியிறங்குவது இரும்பின் அளவைப் பொறுத்தது, அது இயல்பே. அறுக்கும் திசை மனிதர் எடுக்கும் முடிவு. எனவே பதிப்பதற்கு முன் எல்லாப் பெட்டிகளையும் பிரித்துத் தரையில் பரப்பிப் பார்த்துவிடுங்கள்.

உழைப்பைப் பொறுத்தவரை, கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில் கால்சைட்டின் கடினம் 3 மட்டுமே. குவார்ட்ஸ் மணலுக்கோ 7. ஆகவே செருப்பில் ஒட்டிவரும் மணல் இதைக் கீறும், வாசலில் நல்ல மிதியடி கட்டாயம். அமிலம் இதைவிடப் பெரிய எதிரி. எலுமிச்சைச் சாறு இருந்த கோப்பையின் அடி ஒரு மங்கிய வளையத்தை எங்கள் கூடத்தில் நிரந்தரமாக விட்டுச் சென்றது. அது கறை அன்று, கல்லே கரைந்த தடம், ஆதலால் எந்தச் சோப்பாலும் போகாது. கழிவறைக்கான அமிலத் திரவங்களை அருகிலேயே கொண்டுவரக் கூடாது. கல்லின் மேல் பூசும் காப்புத் திரவமான ஊடுருவும் வகைச் சீலர், எண்ணெயும் சாயமும் உள்ளிறங்குவதைத் தடுக்கிறதே தவிர, அமிலத்தைத் தடுப்பதில்லை. துளைகளில் தூசி சேர்வது உண்மைதான். மென்மையான தூரிகையும் வெதுவெதுப்பான நீரும் போதும். குளியலறையில் இரண்டு கற்களில் ரெசின் பெயர்ந்து குழி விழுந்துவிட்டது.

இதன் உறுதியைப் பற்றி ஐயம் கொள்வோருக்கு ரோமின் கொலோசியம் பதில் சொல்லும்; அதன் வெளிச்சுவரின் முதன்மைக் கல் இதுவே, கி.பி. 80ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட அரங்கின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. அந்தக் கல் கிடைத்த திவோலியின் பழைய பெயரான திபூர் என்பதிலிருந்தே ட்ராவெர்டைன் என்ற சொல்லும் பிறந்தது. 1997இல் திறக்கப்பட்ட லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி மையம் என்னும் கலை அருங்காட்சியக வளாகத்துக்கும் அதே திவோலிப் பகுதியிலிருந்து கல் வந்தது. அங்கே பிளந்த முகப்பாகவே பதித்த கற்களில் புதைபடிவ இலைகளைக் காணலாம்.

நடமாட்டம் உள்ள கூடத்துக்கும் வாசிப்பறைக்கும் துளை அடைக்காத வகையைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். சமையல் மேடைக்கு எந்த வகையும் வேண்டாம். குளியலறையில் பெயர்ந்த அந்த இரண்டு குழிகளையும் கல்லின் நிறத்துச் சிமெண்ட் சாந்தால் அடைக்கப்போகிறோம். கூடத்துக் கற்களை அப்படியே விட்டுவிடுகிறோம்.