மூடுலில் திறன் மதிப்பீடு: பல பருவங்கள் பயன்படுத்திய பிறகு

பொருள் வலிமைப் பாடத்துக்கு மூடுல் என்ற இணையவழிக் கற்பித்தல் தளத்தையும், அதோடு சேரும் ஸ்டாக் என்ற, கணித விடைகளைத் தானே திருத்தும் வினா வகையையும் பல பருவங்களாகப் பயன்படுத்தி வருகிறேன். விடைத்தாள் திருத்தும் வேலை குறையும் என்று நம்பித்தான் பலரும் இதற்கு வருகிறார்கள். குறைகிறது, ஆனால் முதல் பருவத்தில் வினா எழுதவே அதைவிட அதிக நேரம் போய்விடும். அப்படியும் நான் இதை விடாததற்குக் காரணம், மாணவர் எந்த இடத்தில் தடுக்கி விழுகிறார் என்பது அன்றைக்கே தெரிந்துவிடுவதுதான்.

ஒரு கணக்கைப் பாருங்கள். இரு முனையும் சாதாரணத் தாங்கிகளில் நிற்கும் 6 மீட்டர் பீம், அதன் மேல் மீட்டருக்கு 4 கிலோநியூட்டன் சீரான சுமை. அதிகபட்ச பெண்டிங் மொமென்ட் (பீமை வளைக்கும் திருப்புத்திறன்) 18 கிலோநியூட்டன் மீட்டர். ஒருவர் 72 என்று எழுதினால், ஒரு முனை மட்டும் இறுகப் பிடிக்கப்பட்ட கான்டிலீவர் பீமின் சூத்திரத்தைப் போட்டிருக்கிறார் என்று பெரும்பாலும் ஊகித்துவிடலாம். 36 என்றால், பரவியிருக்கும் சுமை முழுவதையும் நடுவில் ஒரே புள்ளியில் வைத்திருப்பார். இரண்டுமே தவறுதான், ஆனால் இருவருக்கும் சொல்லித்தர வேண்டியது வேறு வேறு. ஸ்டாக்கில் இந்த இரண்டு விடைக்கும் தனித்தனிக் கிளை வைத்து, அதற்கேற்ற விளக்கத்தையும் பகுதி மதிப்பெண்ணையும் தரலாம். ஒவ்வொருவருக்கும் நீளமும் சுமையும் மாறி வந்தாலும் 4 மடங்கு, 2 மடங்கு என்ற விகிதம் மாறாது, அதனால் கிளைகள் அப்படியே வேலை செய்யும். பின்னால் மாக்சிமா என்ற இயற்கணித மென்பொருள் ஓடுவதால், விடையை எண்ணாக இல்லாமல் இயற்கணிதக் குறியீட்டில் எழுதினாலும் சரிபார்த்துவிடும்.

அப்புறம், வினாப் புள்ளிவிவர அறிக்கையைத் தவறாமல் பார்க்க வேண்டும். ஒரு வினாவின் பிரித்தறியும் குறியீடு எதிர்மறையில் வந்தால், மொத்தத்தில் நன்றாக எழுதியவர்களே அதில் அதிகம் சறுக்கியிருக்கிறார்கள் என்று பொருள். அங்கே முதலில் சந்தேகப்பட வேண்டியது வினாவைத்தான்.

எனக்கு உடன்பாடில்லாத ஒன்றும் இருக்கிறது. 2016இல் வந்த 3.1 பதிப்பிலிருந்து மூடுலில் திறன் பட்டியல் வசதி உண்டு. ஒரு செயல்பாட்டை முடித்ததுமே அந்தத் திறன் கைவந்துவிட்டதாகக் குறிக்கும்படி அதில் அமைக்க முடியும். தயவுசெய்து அப்படி அமைக்காதீர்கள். வினாடி வினாவை முடித்தவருக்கெல்லாம் வடிவமைக்கத் தெரியும் என்று பதிவானால், பின்னால் அந்தப் பதிவை நம்பி ஒரு முடிவும் எடுக்க முடியாது. 'மதிப்பாய்வுக்கு அனுப்பு' என்ற தேர்வு அங்கேயே இருக்கிறது. ஆசிரியர் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே திறன் பதிவாகட்டும்.

ஆய்வக வேலைக்கு ரூப்ரிக் (எந்தத் தரத்துக்கு எவ்வளவு மதிப்பெண் என்று சொல்லும் அட்டவணை) போதும். குழு புராஜெக்டுக்கு, யார் எப்போது எதை மாற்றினார் என்று பதிவுசெய்யும் கிட் மென்பொருளின் வரலாறு உதவும், ஆனால் கமிட் (அதில் சேமிக்கும் ஒவ்வொரு மாற்றப் பதிவு) எண்ணிக்கையை மதிப்பெண்ணாக மாற்றினால் மாணவர்கள் ஒரு வரிக்கு ஒரு கமிட் போட ஆரம்பித்துவிடுவார்கள். நான் அந்த வரலாற்றிலிருந்து ஒரு மாற்றத்தைத் திறந்து வைத்து, "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று நேரில் கேட்கிறேன். சாட்ஜிபிடி வந்த பிறகு அறிக்கையை மட்டும் படித்து மதிப்பெண் போட எனக்கு மனம் வருவதில்லை. ஐந்து நிமிடம் பேசினாலே யார் செய்த வேலை என்பது பெரும்பாலும் தெரிந்துவிடுகிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் ஒரே ஒரு அலகை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வரும் தவறுகளை முதலில் குறித்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு வினா எழுத உட்காருங்கள்.