சில நூறு ராண்டு ஓபிடி கருவி: ஜோபர்க் குளிருக்கு வாங்கலாமா?

ஜூன், ஜூலைக் குளிர்காலம் வந்துவிட்டால் ஜோகன்னஸ்பர்க்கின் லெனேசியாவில் விடியற்காலையில் வாசலுக்கு வாசல் கார்கள் நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் ஓடவிட்டால்தான் இன்ஜினுக்கு நல்லது என்பது கார்புரேட்டர் காலத்து நம்பிக்கை. அது எவ்வளவு வீண் என்பதைக் கண்ணால் பார்க்க, கைப்பேசியோடு ப்ளூடூத்தில் இணைந்து காரின் கணினியிலுள்ள அளவுகளைக் காட்டும் இஎல்எம்327 வகை ஓபிடி கருவியைவிட மலிவான வழி கிடையாது. கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் நகல்கள்தான். வெப்பநிலை பார்க்க அதுவே போதும்.

ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் செருகி, சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்புங்கள். இணைக்கும் எண் 1234 அல்லது 0000. செயலியில் நான்கு அளவுகளைத் திரையில் வையுங்கள்: கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் நீர்மம்) வெப்பம், உள்ளிழுக்கும் காற்றின் வெப்பம், ஆர்பிஎம் (நிமிடத்துக்கு இன்ஜின் சுற்றும் தடவை), வோல்டேஜ்.

ஸ்டார்ட் செய்யும் முன்பே ஒரு சோதனை முடிந்துவிடும். இரவு முழுக்க நின்ற வண்டியில் முதல் இரண்டு அளவுகளும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். காற்று 3 டிகிரி என்றும் கூலன்ட் 25 என்றும் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. இன்ஜின் ஏற்கெனவே சூடு என்று நம்பி கணினி பெட்ரோலைக் குறைத்துவிடும், வண்டி இழுத்து இழுத்துத்தான் கிளம்பும். மைனஸ் 40 என்று காட்டினால் பெரும்பாலும் சென்சாரின் வயர் அறுந்திருக்கும் அல்லது பிளக் கழன்றிருக்கும்.

ஸ்டார்ட் ஆனதும் ஆர்பிஎம் 1,200 பக்கம் நின்று, பிறகு மெல்ல இறங்கும். ஆயில் அழுத்தம் சில விநாடிகளில் வந்துவிடும். அரை நிமிடம் போதும், கிளம்பலாம். கண்ணாடியில் உறைபனி இருந்தால் சுரண்டுங்கள். கொதிநீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும். நின்றபடி ஓடும் இன்ஜின் எரிப்பது கொஞ்சம் பெட்ரோல், அதனால் தருவதும் கொஞ்சம் சூடுதான். கூலன்ட் எண் ஆமை வேகத்தில் ஏறுவதைத் திரையில் பார்க்கலாம். நிதானமாக ஓட்டினால் அதே எண் மளமளவென்று ஏறும். குளிர்ந்த இன்ஜினுக்குக் கணினி பெட்ரோலைக் கூடுதலாகத்தான் ஊற்றும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரிலுள்ள ஆயில் படலத்தைக் கழுவிக்கொண்டு, ஆயில் தேங்கும் அடித்தட்டான சம்ப்பில் இறங்கும். நீண்ட நேரம் ஐடிலில் விடுவதன் உண்மையான கெடுதல் அதுதான். மூடிய கராஜில் ஓடவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஆளையே கொல்லும். கேட்டுக்கு வெளியே ஓடவிட்டு வீட்டுக்குள் போனால் என்ன ஆகும் என்று ஜோபர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கொடுத்த காசுக்கு முழுப் பலன், கூலன்ட் சூடாகும்வரை அதை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வான தெர்மோஸ்டாட் விஷயத்தில்தான். பல கார்களில் டேஷ்போர்டின் வெப்ப முள் சுமார் 75 முதல் 105 டிகிரி வரை நடுவிலேயே அசையாமல் நிற்கும்படி அமைத்திருக்கிறார்கள். புதிய சின்ன கார்கள் பலவற்றில் முள்ளே கிடையாது, நீல விளக்கு மட்டும்தான். கருவி உண்மையான எண்ணைத் தரும். நல்ல தெர்மோஸ்டாட் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கும், அதன்பின் எண் பெரிதாக ஆடாது. நகருக்குள் 80ஐத் தொட்டு, N3 நெடுஞ்சாலையில் வேகம் பிடித்ததும் 65க்கு இறங்கினால் தெர்மோஸ்டாட் திறந்தபடியே சிக்கியிருக்கிறது. பி0128 என்ற பழுதுக் குறியீடும் வரலாம். சூடான ஊர்களில் சிலர் அதைக் கழற்றியே எறிந்துவிடுகிறார்கள். டர்பனில் அப்படிச் சமாளித்த வண்டி, 1,750 மீட்டர் உயரத்திலுள்ள ஜோபர்க்குக்கு ஏறி வந்ததும் ஹீட்டரில் சூடு வராமல், பெட்ரோலையும் கூடக் குடிக்கும். இன்னொன்று: இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரியிலேயே கொதிக்கும். திரையில் 98 என்று வந்தால் பதற வேண்டாம், ரேடியேட்டருக்குள் அழுத்தம் இருக்கிறது. ஆனால் மூடியைத் திறக்கவே கூடாது.

குறைகளும் உண்டு. கூலன்ட் 80 ஆனாலும் ஆயில் சூடேற இன்னும் நேரமாகும். சின்ன கார்கள் பலவற்றில் ஆயில் வெப்ப சென்சாரே கிடையாது, ஆகவே அந்த எண் இதில் வராது. 80 தொட்ட பிறகும் சில கிலோமீட்டர் வரை 3,000 ஆர்பிஎம் தாண்டாமல் ஓட்டுங்கள். பேட்டரி பரிசோதனைக்கும் இதை முழுதாக நம்ப முடியாது: நின்றிருக்கும்போது 12.6 வோல்ட், ஓடும்போது 14 சுற்றி என்று சரியாகக் காட்டும். ஸ்டார்ட்டர் சுழலும் நொடியில் 9.6க்குக் கீழே விழுகிறதா என்பதைப் பிடிக்க இதன் வேகம் போதாது; அதற்கு மல்ட்டிமீட்டரையே எடுங்கள். டீசல் பக்கியில் (பிக்கப் வண்டியில்), குளிரில் ஸ்டார்ட் ஆகச் சூடு தரும் க்ளோ பிளக்குகளில் எது செத்தது என்று சொல்லாது, பி0380 போன்ற பொதுக் குறியீட்டோடு நின்றுவிடும். டொயோட்டா டாஸ் போன்ற பழைய வண்டி வைத்திருப்பவர்கள் காசைச் செலவழிக்க வேண்டாம், கருவி அதில் வேலை செய்யாது. ஐபோன்காரர்கள் வைஃபை அல்லது ப்ளூடூத் 4.0 வகைதானா என்று அட்டையில் பார்த்து வாங்க வேண்டும், சாதாரண ப்ளூடூத் கருவி ஐபோனில் வேலை செய்யாது.

பெட்டியில் சொல்லாத ஒன்று: சாக்கெட்டின் 16ஆம் முனைக்குச் சாவி இல்லாமலும் மின்சாரம் வரும். கருவி 40 மில்லி ஆம்ப் இழுத்தால் நாளுக்கு ஏறத்தாழ 1 ஆம்ப்-ஹவர். இரண்டு வாரம் நிறுத்திவைத்த வண்டியில் 45 ஆம்ப்-ஹவர் பேட்டரியின் மூன்றில் ஒரு பங்கு காலி. வண்டியை அணைத்ததும் கருவியைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள்.