அணைத்ததும் மறந்துவிடும் கன்ட்ரோலர்: வெஸ்க் 4.12 நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டின் மோட்டாரை ஓட்டும் வெஸ்க் கன்ட்ரோலரில் சிவப்பு விளக்கு மூன்று முறை மினுக்கி, கொஞ்சம் நின்று, மறுபடி மூன்று முறை மினுக்கினால் அது டிஆர்வி கோளாறு, அதாவது மாஸ்ஃபெட் என்ற மின்சுவிட்சுகளை இயக்கும் சிப்பில் சிக்கல். ஒரு மினுக்கு என்றால் வோல்டேஜ் அதிகம். இரண்டு என்றால் குறைவு. நான்கு என்றால் கரன்ட் உச்ச வரம்பைத் தாண்டிவிட்டது. ஐந்து என்றால் மாஸ்ஃபெட் சூடு. வீட்டிலேயே எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு கட்டி ஓட்டுகிறவர்கள் இந்தக் கணக்கை மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது. என் போர்டின் வலது பக்கக் கன்ட்ரோலர் போன மாதம் மூன்று முறை மினுக்கியது. சிப்பை மாற்றியாயிற்று, இப்போது ஓடுகிறது. பழுது பார்த்த கையோடு இதை எழுதுகிறேன். விலை நன்றாக இறங்கியிருக்கிறது, இதையே வாங்கலாமா என்று நண்பன் ஒருவனும் கேட்டிருக்கிறான்.

என் அமைப்பு எல்லோரும் வைப்பதுதான்: 10எஸ்4பி பேட்டரி (பத்து செல் தொடராக, அப்படி நாலு இணையாக), 190 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு 190 சுற்று) 6374 அளவு மோட்டார் இரண்டு, 15க்கு 36 பல் பெல்ட், மோட்டாருக்கு ஒன்றாக இரண்டு வெஸ்க் 4.12.

முதலில் பிரேக்கைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு எரிச்சலுக்குப் பிறகும் இதைக் கழற்றி எறியாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். ரிமோட் கார்களுக்கான சாதாரண இஎஸ்சி என்ற வேகக் கன்ட்ரோலரில் பிரேக்கின் பலம் சக்கரத்தின் வேகத்தைப் பொறுத்து மாறும். வேகமாகப் போகும்போது லேசாக விரலை இழுத்தாலே ஆளை முன்னால் தள்ளும். மெதுவாகப் போகும்போது எவ்வளவு இழுத்தாலும் பிடிப்பு இருக்காது. நின்றுகொண்டே ஓட்டும் போர்டில் இது ஆபத்து. வெஸ்க் மோட்டாருக்குள் ஓடும் கரன்ட்டை அளந்து அதையே கட்டுப்படுத்துகிறது. கரன்ட் எவ்வளவோ அவ்வளவு முறுக்குவிசை. ஆகவே விரல் பாதி இழுத்தால் எந்த வேகத்திலும் பாதிப் பிடிப்பு. இறக்கத்தில் வேகத்தைச் சீராகக் குறைத்துக்கொண்டே வந்து, நடைவேகத்தில் இறங்கி நிற்க முடிகிறது. கரன்ட்டைச் சீரான அலையாகக் கொடுக்கும் எஃப்ஓசி முறையில் ஓட்டினால் மோட்டார் சத்தமும் அடங்கிவிடுகிறது. காதில் விழுவது பெல்ட்டும் சக்கரமும் மட்டும்தான். காசு கொடுத்ததில் இதற்கு மேல் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை.

ஸ்வீடனைச் சேர்ந்த பெஞ்சமின் வெடர் இந்தச் சுற்றையும் நிரலையும் திறந்த மூலமாக வெளியிட்டார். மூளையாக எஸ்டிஎம்32எஃப்4 சில்லு, அதன் மேல் சிபிஓஎஸ் என்ற சிறு இயங்குதளம். நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். மலிவான நகல் சுற்றுப்பலகைகள் கடைகளுக்கு வந்ததும் அதனால்தான். கன்ட்ரோலருக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேரின் 6ஆம் பதிப்பில் லிஸ்ப்பிஎம் என்ற சிறு மொழியும் சேர்ந்திருக்கிறது. பிரேக் பிடிக்கும்போது பின்விளக்கு எரிவது போன்ற வேலைகளை ஃபர்ம்வேரைத் தொடாமலே எழுதிக்கொள்ளலாம். இவ்வளவு தாராளமான ஒரு பொருளைத் திட்டுவதற்கு மனசு வரவில்லைதான். ஆனாலும் திட்டத்தான் போகிறேன்.

ஓடிக்கொண்டிருக்கும்போது ஏதாவது கோளாறு கண்டால் வெஸ்க் அரை வினாடி மோட்டாரை விட்டுவிடும்: இழுப்பும் இல்லை, பிரேக்கும் இல்லை. போன மாதம் ஒரு இறக்கத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருந்தபோது வலது பக்கம் விட்டது. இடது பக்கம் மட்டும் பிடிக்க, போர்டு ஒரு பக்கமாக இழுத்தது. எப்படியோ நிறுத்தி இறங்கினேன். இறங்கியதும் மின்சாரத்தை அணைத்தேன். அணைத்துத்தானே ஆக வேண்டும்? ஒரு பக்கம் பழுதான போர்டை, சக்கரம் எந்த நேரமும் சுழலலாம் என்ற நிலையில், கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது.

வெஸ்க் டூல் என்ற அமைப்பு மென்பொருளில் டெர்மினல் பக்கத்தில் ‘ஃபால்ட்ஸ்’ என்று அடித்தால், நடந்த கோளாறுகளை வரிசையாகக் காட்டும். என்ன கோளாறு, அந்த நொடியில் கரன்ட் எவ்வளவு, வோல்டேஜ் எவ்வளவு, டூட்டி (பேட்டரி வோல்டேஜில் எத்தனை சதவீதம் மோட்டாருக்குப் போகிறது), சுழற்சி, மாஸ்ஃபெட்டின் வெப்பம் என்று எல்லாம் அதில் இருக்கும். ஒரு கோளாறின் காரணத்தைக் கண்டுபிடிக்க அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. ஆனால் அந்தப் பட்டியல் கன்ட்ரோலரில் மின்சாரம் இருக்கும் வரைதான். சுவிட்சை அணைத்த நொடியில் போய்விடும். டாக்டர் வீட்டு வாசலை மிதித்ததும் எங்கே வலித்தது என்பதே நோயாளிக்கு மறந்துபோவது போல. வீட்டுக்கு வந்து லேப்டாப்பில் இணைத்தபோது அதில் இருந்தது ஒரே வரி: இப்போது, இங்கே, மேசை மேல், டிஆர்வி கோளாறு. இறக்கத்தில் நடந்ததைப் பற்றி ஒன்றும் இல்லை.

இதில் என்ன நஷ்டம் என்றால், சிப் தானாகச் செத்ததா, கரன்ட் எகிறி அதைச் சாகடித்ததா என்பது தெரியாமலே போய்விட்டது. கரன்ட் எகிறியது என்றால் மோட்டாரின் அளவீடுகளில் ஏதோ சரியில்லை, அதைத் திருத்தாமல் புது சிப் போட்டால் அதுவும் சாகும். சிப் தானாகச் செத்தது என்றால் மாற்றினால் போதும். இரண்டு நோய்க்கும் வைத்தியம் வேறு. அந்த வித்தியாசத்தைச் சொல்லக்கூடிய பத்து எண்கள் சில்லுக்குள் இருந்தன, அவற்றை அது காப்பாற்றவில்லை.

நியாயமாகப் பார்த்தால் இதற்கு ஒரு காரணம் உண்டு. அந்த எஸ்டிஎம்32 சில்லில் நிரந்தர நினைவகம் என்று தனியாக இல்லை. அமைப்புகளை எல்லாம் நிரல் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்திலேயே ஒரு மூலையில் எழுதி வைக்கிறது. ஃபிளாஷில் எழுதும் நேரத்தில் நிரல் ஓடுவது தடைபடும். அதனால்தான் அமைப்பைச் சேமிக்கும்போது மோட்டாரை விட்டுவிட்டு எழுதுகிறது. ஓட்டத்தின் நடுவில், அதுவும் கோளாறு நேரத்தில், அப்படி எழுதினால் அந்தப் பக்கப் பிரேக் மறுபடி பிடிப்பது இன்னும் தள்ளிப்போகும். சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வண்டி நின்ற பிறகு எழுதலாமே? நிரலே அணைக்கும் மின்சுவிட்ச் உள்ள புதிய பலகைகளில், மொத்தம் ஓடிய தூரத்தை அணையும்முன் எழுதி வைக்கத் தெரிகிறது. ஓடிய தூரத்தைவிட உயிருக்கு வேண்டியது கோளாறுப் பட்டியல் இல்லையா? இந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் சமாதானம் கிடைக்கவில்லை.

இப்போதைக்கு ஒரு வழி செய்திருக்கிறேன். ரிமோட்டின் ரிசீவர் பிபிஎம் என்ற இணைப்பு முனையில் இருப்பதால் யுஏஆர்டி என்ற இன்னொரு முனை காலி. அதில் ஒரு புளூடூத் மாட்யூலைப் பொருத்தி, போனில் வெஸ்க் டூலைத் திறந்து பதிவைப் போட்டுவிட்டே கிளம்புகிறேன். கரன்ட், வோல்டேஜ் எல்லாம் போனில் கோப்பாகச் சேரும். வேலை செய்கிறது. ஆனால் போன் திரை அணைந்தால், இணைப்பு அறுந்தால், அவ்வளவுதான். கன்ட்ரோலர் செய்ய வேண்டிய வேலையைச் சட்டைப் பையில் இருக்கும் போன் செய்துகொண்டிருக்கிறது.

பழுது வேலையைப் பற்றி இரண்டு வார்த்தை. டிஆர்வி8302 சிப்புக்கு 56 கால்கள், கால்களுக்கு நடுவே அரை மில்லிமீட்டர், அடியில் வெப்பத்தை இறக்கும் உலோகப் பட்டையும் உண்டு. சாதாரண சால்டரிங் இரும்பால் அதைக் கழற்ற முடியாது. ஹாட் ஏர் வைத்திருக்கும் மொபைல் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள், அவர்களுக்கு இது பழக்கமான வேலை. கொடுப்பதற்கு முன் மோட்டாருக்குப் போகும் மூன்று ஃபேஸ் வயர்களுக்கும் பேட்டரியின் இரு முனைகளுக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். எங்காவது ஷார்ட் காட்டினால் மாஸ்ஃபெட்டும் போயிருக்கிறது. அப்போது சிப் மட்டும் மாற்றிப் பயனில்லை.

சிப் வந்த பிறகு எஃப்ஓசி அளவீட்டை இரண்டு பக்கமும் புதிதாக எடுத்தேன். இதில் வெஸ்க் டூலைப் பாராட்டியே ஆக வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு பொத்தானை அழுத்தினால், மோட்டாரைச் சிணுங்க வைத்து, சுழற்றிப் பார்த்து, மின்தடை, தூண்டல், காந்தப்பாயம் மூன்றையும் தானே கண்டுபிடித்துவிடும். ஒரே மாதிரி மோட்டார் இரண்டு என்றால் இரண்டு பக்கமும் எண்கள் கிட்டத்தட்ட ஒன்றாக வர வேண்டும். ஒரு பக்கம் மின்தடை மட்டும் கூடுதலாக வந்தால் மோட்டாரைச் சந்தேகப்படாமல் புல்லட் கனெக்டரின் சால்டரைப் பாருங்கள். எனக்கு இரண்டும் ஒத்து வந்தன. அதனால் சிப் தானாகத்தான் செத்திருக்கும் என்று முடிவு கட்டியிருக்கிறேன். முடிவுதான், ஆதாரம் இல்லை. ஆதாரம் எங்கே போனது என்று மேலே சொல்லிவிட்டேன்.

இந்த டிஆர்வி8302 எஃப்ஓசியில் பலவீனமானது என்பது போர்டு கட்டுவோர் வட்டாரத்தில் தெரிந்த விஷயம். இஆர்பிஎம் (மோட்டாரின் சுழற்சி வேகத்தைத் துருவ ஜோடிகளின் எண்ணிக்கையால் பெருக்கியது) 60,000-ஐத் தாண்டக் கூடாது என்பார்கள். 190 கேவி, 42 வோல்ட், 7 துருவ ஜோடி மூன்றையும் பெருக்கினால் 55,860 வரும்; உள்ளேதான் இருக்கிறது. அதே மோட்டாருக்கு 12எஸ் போட்டால் 67,000 தாண்டிவிடும். ஆறாம் பதிப்புப் பலகையில் டிஆர்வி8301 வந்தது, கரன்ட்டை அளக்க மூன்று ஃபேஸ்களிலும் ஷன்ட் என்ற சிறு மின்தடை வந்தது. 4.12-இல் கீழ்ப்பக்கம் இரண்டே ஷன்ட்தான்.

அப்புறம் ஃபர்ம்வேர். புதிய வெஸ்க் டூலைத் திறந்தால் புதிய ஃபர்ம்வேர் கேட்கும். ஏற்றினால் பழைய அமைப்பெல்லாம் போய் இயல்புநிலைக்குத் திரும்பிவிடும்: பேட்டரி வரம்பு, ரிமோட்டின் நடுப்புள்ளி, இரண்டு கன்ட்ரோலரும் கேன் பஸ்ஸில் பேசிக்கொள்வதற்கான அமைப்பு, எல்லாமே. இப்போது காப்புப் பிரதி எடுத்து மீட்கும் பொத்தான் வந்திருக்கிறது, அது நல்ல காரியம். நான் அதை மட்டும் நம்பாமல் மோட்டார் அமைப்பையும் ஆப் அமைப்பையும் தனித்தனிக் கோப்பாக வைத்திருக்கிறேன். நன்றாக ஓடுகிற போர்டில் காரணமில்லாமல் ஃபர்ம்வேரைத் தொட வேண்டாம் என்பது என் கட்சி.

நண்பன் கேட்டதில் இன்னொன்றும் இருந்தது. “மோட்டார் கரன்ட் 60 போட்டா என் பேட்டரி தாங்குமாடா?” என்றான். இந்தக் குழப்பம் எல்லோருக்கும் வருவது, கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். மோட்டாருக்குள் ஓடும் கரன்ட்டும் பேட்டரியிலிருந்து வரும் கரன்ட்டும் வேறு. டூட்டி 20 சதவீதத்தில் இருக்கும்போது மோட்டாரில் 60 ஆம்பியர் ஓடினால் பேட்டரி கொடுப்பது 12 ஆம்பியர்தான். வேகம் கூடக் கூட இரண்டும் நெருங்கி வரும். ஆகவே மேடு ஏறும் பலத்துக்கு மோட்டார் வரம்பு, செல்லின் ஆயுளுக்குப் பேட்டரி வரம்பு. இந்தப் பேட்டரி வரம்பு ஒவ்வொரு கன்ட்ரோலருக்கும் தனி. சாம்சங் 30க்யூ செல் 15 ஆம்பியர் கொடுக்கும், 4 ஆம்பியர் வரை வாங்கும். நாலு இணை என்றால் கொடுப்பது 60, பிரேக்கில் வாங்குவது 16. இரண்டு கன்ட்ரோலர் இருந்தால் ஒவ்வொன்றிலும் கொடுப்பதற்கு 30, திரும்பி வாங்குவதற்குக் கழித்தல் 8 என்று பாதியாகப் போட வேண்டும். வோல்டேஜ் 34-இல் குறைக்க ஆரம்பித்து 31-இல் நிறுத்தும்படி வைத்தால், பேட்டரி தீரும்போது வண்டி மெல்ல மெல்லத் தளர்ந்து சொல்லும், தடாலென்று நிற்காது. பிஎம்எஸ் என்ற பேட்டரி காப்புச் சுற்றைச் சார்ஜ் ஏறும் வழியில் மட்டும் வையுங்கள். ஓட்டும் வழியில் வைத்து அது நடுவில் துண்டித்தால் பிரேக்கும் போகும், பிரேக்கில் திரும்பி வரும் மின்சாரத்துக்குப் போக்கிடம் இல்லாமல் கன்ட்ரோலரும் போகும். கடைசியாக, சக்கரங்களைத் தூக்கி வைத்துச் சுழற்றிக்கொண்டே ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். மோட்டார் தானாக விட்டுவிட வேண்டும். அதைப் பார்க்காமல் தெருவில் இறங்க வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பிறகு வாங்கலாமா என்றால், நண்பனுக்கு நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். பிரேக்குக்கு இணை இல்லை, அளவீடு அருமை, விலையும் குறைவு, எல்லாம் உண்மை. ஆனால் அவன் முதல் முறையாக ஒரு போர்டு கட்டப் போகிறான். இறக்கத்தில் அவனுக்கு ஒரு பக்கம் விட்டால், ஏன் விட்டது என்று கேட்க அவனிடம் ஒன்றுமே இருக்காது. அதை நினைத்தால் இன்றைக்கு என் வாயிலிருந்து ‘வாங்கு’ என்ற வார்த்தை வரவில்லை. அந்த இறக்கத்தில் நடந்ததற்கு முன் கேட்டிருந்தால் கண்டிப்பாக வாங்கச் சொல்லியிருப்பேன்.

என் போர்டில் இருக்கும் இரண்டும் இப்போதைக்கு அங்கேயே இருக்கும். இன்னொரு முறை மூன்று மினுக்கினால் சிப் மாற்றப் போவதில்லை, இரண்டையும் கழற்றிவிட்டு ஆறாம் பதிப்புப் பலகைதான். அதற்குப் பெட்டியையும் ஹீட்சிங்கையும் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும். அளவெடுத்து வைத்துவிட்டேன்.