பழைய எண்ணெயில் பயோடீசல்: சோடியமா, பொட்டாசியமா?

காத்தான்குடி, கல்முனைக் கடைகளில் பொரித்து மிஞ்சும் எண்ணெயை லேண்ட்மாஸ்டருக்கு (இரு சக்கர உழவு இயந்திரம்) டீசலாக்க நினைப்பவர்கள் தடுமாறுவது இதில்தான்: எண்ணெயோடு கலக்கும் மெதனோல் என்ற மதுசாரத்தில் எந்தக் காரத்தைக் கரைப்பது?

விலை: சோடியம் ஐதரொட்சைட்டு (இங்கே சுருக்கமாகச் சோடியம்) மலிவு. பொட்டாசியம் ஐதரொட்சைட்டு (சுருக்கமாகப் பொட்டாசியம்) விலை கூட; அளவும் ஏறத்தாழ 1.4 மடங்கு வேண்டும்.

கரைதல்: சோடியம் மெதுவாக. பொட்டாசியம் சட்டென்று.

கழிவு: பெரிய வித்தியாசம் இங்கேதான். சோடியம் போட்டால், டீசல் பிரிந்தபின் அடியில் தங்கும் கிளிசரின் ஆறியதும் மெழுகு மாதிரி இறுகி பீப்பாய்க் குழாயை அடைத்துவிடும். பொட்டாசியத்தில் அது தானாக வடியும்.

எதைப் போட்டாலும் எண்ணெயில் தண்ணீர் இருந்தால் சவர்க்காரம்தான் மிஞ்சும். மெதனோல் ஆவி நஞ்சு. வீட்டுக்குள் வேண்டவே வேண்டாம்.

போத்தலில் செய்து பழகுகிறவருக்குச் சோடியம் போதும். பீப்பாய்க்கணக்கில் செய்கிறவர்கள் பொட்டாசியத்துக்கே காசைக் கொடுங்கள்.