மாதவிடாய் வலியைக் காது கொடுத்துக் கேட்கும் ஒரு புதுச்சேரி மருத்துவகம்

பூப்பெய்திய காலம்தொட்டு மாதந்தோறும் என் தங்கையைப் படுக்கையில் தள்ளிய வயிற்றுவலிக்கு, ‘திருமணமானால் சரியாகிவிடும்’ என்பதைத் தவிர வேறு பதில் கிடைக்காததால்தான், கடலூரிலிருந்து புதுச்சேரி நூறடிச் சாலைப் பக்கமுள்ள இந்த மகளிர் நல மருத்துவகத்துக்கு அவளை அழைத்துச் சென்றேன்.

பழைய ஸ்கேன் அறிக்கைகளைக் கையில் வாங்குவதற்கு முன்பே மருத்துவர் கேள்விகளைத் தொடங்கிவிட்டார். இரத்தப்போக்குக்கு எத்தனை நாள் முன்பு வலி தொடங்குகிறது, அந்நாள்களில் மலம், சிறுநீர் கழிக்கும்போது வலி கூடுகிறதா, மாத்திரை போட்டும் கல்லூரிக்குப் போக முடியாமல் போகிறதா, வீட்டில் வேறு யாருக்கேனும் இப்படி இருந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டார். இடையில் நான் பதில் சொல்லப் போனபோது, “அவங்களே சொல்லட்டும்மா” என்று தடுத்தார். அது எனக்குப் பிடித்திருந்தது.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு சினைப்பை, குடல், சிறுநீர்ப்பை போன்ற இடங்களில் வளர்ந்து அழற்சியை உண்டாக்கும் எண்டோமெட்ரியோசிஸ் என்ற நோயாக இருக்கலாம் என்று மருத்துவர் சந்தேகித்தார். இனப்பெருக்க வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 சதவீதத்தினருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. சினைப்பையில் பழைய இரத்தம் தேங்கிய ‘சாக்லேட் கட்டி’ இருந்தால் ஸ்கேனில் பெரும்பாலும் தெரிந்துவிடும் என்றும், வயிற்று உறையில் மெல்லியதாகப் படிந்திருப்பவை தெரியாமல் போகலாம் என்பதால் ‘நார்மல்’ என்ற அறிக்கையை மட்டும் வைத்து நோயில்லை என்று முடிவுகட்ட முடியாது என்றும் மருத்துவர் விளக்கினார். பெண்ணுறுப்பு வழியாக எடுக்கும் ஸ்கேனைத் திருமணமாகாத தங்கைக்குத் தவிர்த்து, எம்ஆர்ஐ எழுதிக் கொடுத்தார். கருப்பைக்குப் பின்புறம் இருந்த இந்நோயின் முடிச்சு அதில்தான் தெரிந்தது. சிஏ-125 இரத்தப் பரிசோதனையை நானே கேட்டும், இந்நோயைக் கண்டறிய அது உதவாது என்று மறுத்துவிட்டார். (கேட்டதையெல்லாம் எழுதிக் கொடுக்கும் இடங்களும் உண்டு.) வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமரா வழியாகப் பார்க்கும் லேப்ராஸ்கோபி செய்தே உறுதிப்படுத்த வேண்டும் என்ற பழைய நிலைப்பாட்டை 2022ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டி நெறிகள் தளர்த்தியிருப்பதைச் சொல்லி, டயனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரையுடன் சிகிச்சையைத் தொடங்கினார்.

குறைகளும் உண்டு. முன்பதிவு செய்தும் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வலியோடு வருபவர்கள் சற்றே சாய்ந்துகொள்ளக்கூட வசதியில்லாத பிளாஸ்டிக் நாற்காலிகள்தாம் போட்டிருக்கிறார்கள். எம்ஆர்ஐ வெளியில் எடுக்க வேண்டும், அதன் செலவை முன்கூட்டியே யாரும் சொல்வதில்லை. மாலை நேரம் கொடுத்தால் மருத்துவரைப் பார்த்து முடிக்க இரவாகிவிடும் என்பதால், கடலூர்ப் பக்கமிருந்து செல்பவர்கள் காலை நேரத்தையே கேட்டு வாங்குவது நல்லது.